தானே வகுத்துக்கொள்ளும் பாடத்துறை: ஒரு கல்வி மரபின் வரலாறு

பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும் மாணவர் முன்பே வகுக்கப்பட்ட துறைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே இன்றுவரை பெருவழக்காக இருந்து வருகின்றது. ஆனால், மாணவர் மனத்தில் எழும் வினாக்கள் துறைகளின் எல்லைக்கோட்டைப் பார்த்து எழுவதில்லை. 1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழை ஆராய விரும்பும் ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். இதழின் மொழிநடையை ஆராய அவருக்குத் தமிழ் இலக்கணப் பயிற்சி வேண்டும். செய்திகளின் பின்புலம் விளங்க நீரிணைக் குடியேற்றங்களின் வரலாறு வேண்டும். இதழை நடத்திய தமிழ் முஸ்லிம் சமூகத்தை அறியச் சமயமும் கடல்வணிகமும் பற்றிய தெளிவு வேண்டும். அத்துறைமுக நகரில் பல இனத்தாரையும் இணைத்த மலாய்மொழியும் ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். இம்மாணவர் எந்தத் துறையில் சேர்வது?

இவ்வினாவுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் கண்ட விடைதான், மாணவரே தம் முதன்மைப் பாடத்துறையை வகுத்துக்கொள்ளும் முறை. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலிய மனிதவியல் துறைகளில் இம்முறை சிறப்பாக வேரூன்றியது. அது எவ்வாறு உருவாயிற்று, எங்கே இடறியது, எதனால் நிலைபெற்றது என்பவற்றை இவ்வுரையில் நாம் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குத் தெரிவு என்பதே ஏறத்தாழ இல்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஒரே பாடத்திட்டத்தை ஒரு வகுப்பார் அனைவரும் ஒருங்கே கற்றனர். 1825இல் திறக்கப்பட்ட வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் மட்டும், தாமஸ் ஜெபர்சன், பாடங்களை எட்டுப் பள்ளிகளாகப் பிரித்து, மாணவர் தாம் விரும்பும் பள்ளியின் விரிவுரைகளைக் கேட்கலாம் என்று வகுத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1828இல், யேல் கல்லூரிப் பேராசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டுப் பழைய முறையை நிலைநாட்டினர். கல்லூரியின் முதற்கடமை மனத்தைப் பயிற்றுவது. அப்பயிற்சிக்குத் தொன்மொழிகளும் கணிதமுமே தக்க கருவிகள். எது தமக்கு நல்லது என்பதை இளைஞர் அறியார் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். பல பத்தாண்டுகள் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் இவ்வாதத்தையே பின்பற்றின.

இந்நிலையை மாற்றியவர் சார்லஸ் எலியட். வேதியியல் அறிஞரான அவர் 1869இல் தமது 35ஆம் வயதில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவரானார். நாற்பதாண்டுகள், 1909 வரை, அப்பொறுப்பை வகித்தார். மனிதர்தம் மனப்பாங்கு ஒன்றுபோல் இராதபோது பாடத்திட்டம் மட்டும் ஒன்றாக இருப்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் எழுப்பிய வினா. கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில், முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிர ஏறத்தாழ எல்லாமே மாணவர் விருப்பத்துக்கு விடப்பட்டன. இதனால் விளைந்த நன்மை பெரிது. புதிய பாடங்களைக் கற்பிக்கப் புதிய பேராசிரியர்கள் வந்தனர். தற்கால மொழிகளும் வரலாறும் அரசியலும் தொன்மொழிகளுக்கு நிகரான மதிப்பைப் பெற்றன. இன்று மனிதவியல் என்று நாம் வழங்கும் பரந்த புலம் கல்லூரிக்குள் இடம்பெற்றதில் தெரிவுப் பாடமுறைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும், கட்டற்ற தெரிவு தன் குறையையும் விரைவில் வெளிக்காட்டியது. மாணவர் பலர் எளிய பாடங்களை நாடினர். வசதியான நேரத்தில் நடக்கும் வகுப்புகளைப் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொடக்கநிலைப் பாடங்களைக் கொண்டே பட்டம் பெற்றனர். இதனை நேரில் கண்டு வருந்தியவருள் ஒருவர் அப்பட் லாரன்ஸ் லோவெல். எலியட்டுக்குப் பின் 1909இல் தலைவரான அவர், மாணவர் தம் பாடங்களில் ஒரு பகுதியை ஒரே துறையில் ஆழ்ந்து கற்கவேண்டும், மற்றொரு பகுதியைப் பிற துறைகளில் பரவலாகக் கற்கவேண்டும் என்னும் விதியைக் கொண்டுவந்தார். ஆழமும் அகலமும் சேர்ந்ததே கல்வி என்னும் இவ்வமைப்பு பிற கல்லூரிகளுக்கும் பரவியது. முதன்மைப் பாடத்துறை என்று இன்று நாம் சொல்வது அவ்வழியே நிலைபெற்றது.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. லோவெலின் விதி வருமுன்னரே, 1906இல், ஹார்வர்டில் 'வரலாறும் இலக்கியமும்' என்னும் இணைப்புத் துறை தொடங்கப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பாடத்துறைகளுள் மூத்தது இதுவே. ஒரு நாட்டின் இலக்கியத்தை அதன் வரலாற்றோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆக, முதலில் தோன்றிய முதன்மைப் பாடமே இரு துறைகளின் எல்லையைக் கடந்து நின்றது. அதன் பின்னர், 1922இல், சுவார்த்மோர் கல்லூரித் தலைவர் பிராங்க் ஏடலாட், ஆக்ஸ்போர்டில் தாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு சிறப்புக்கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்தோர் சிறு கருத்தரங்குகளில் அமர்ந்து, தாமே எழுதிய கட்டுரைகளை வாதிட்டுக் கற்றனர். கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்த அறிஞர்கள் அவர்களைத் தேர்ந்தனர். மாணவருக்கு உரிமையை வழங்கியபோதே கடுமையான தேர்வையும் வைத்த முறை அது.

இவ்விரு ஓடைகளும் 1960களின் பிற்பகுதியில் ஒன்று கலந்தன. பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஐரா மகசினர், எலியட் மாக்ஸ்வெல் என்னும் இரு மாணவர்கள், தோழர்கள் சிலருடன் பாடத்திட்டத்தின் வரலாற்றையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டு, நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை உருவாக்கினர். நெடிய விவாதங்களுக்குப்பின் 1969இல் பேராசிரியர் அவை அதன் அடிப்படையில் புதிய பாடத்திட்டத்தை ஏற்றது. பொதுக் கட்டாயப் பாடங்கள் நீங்கின. முதன்மைப் பாடம் மட்டும் நின்றது. அதனையும் மாணவரே வகுத்து முன்வைக்க வழி ஏற்பட்டது. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாம்ப்சயர் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே மதிப்பெண் இல்லை. ஆசிரியர் எழுத்தால் மதிப்பிட்டார். இறுதியாண்டு முழுவதும் மாணவர் தாமே மேற்கொள்ளும் ஒரு பெரும்பணியில் கழிந்தது. வரலாற்று ஆவணப்படங்களால் புகழ்பெற்ற கென் பர்ன்ஸ் அக்கல்லூரியில் பயின்றவரே. 1972இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர்க் காலட்டின் பெயரைத் தாங்கிய பள்ளியில், மாணவர் தாம் கற்ற நூல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆசிரியர் குழுவின்முன் உரையாடியே பட்டம் பெறும் வழக்கம் உருவாயிற்று.

இந்நிறுவனங்களில் துறை வகுக்கும் நடைமுறை பெரும்பாலும் ஒத்தே அமைந்திருக்கின்றது. மாணவர் முதலில் தம் துறைக்கு ஒரு பெயரும், அதன் நடுவே நிற்கும் வினாவும் எழுத வேண்டும். அவ்வினாவை இருக்கும் துறைகளுள் ஒன்றன் எல்லைக்குள் ஏன் ஆராய இயலாது என்று காட்ட வேண்டும். எடுக்கப்போகும் பாடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் அவ்வினாவுக்கு எவ்வாறு துணைசெய்யும் என்று விளக்க வேண்டும். பொறுப்பேற்கும் நெறியாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். குழு ஒன்று ஏற்க வேண்டும். பெரும்பாலும் இறுதியில் ஆய்வேடோ படைப்போ அளிக்க வேண்டும். குழு திருப்பியனுப்பும் திட்டங்களும் பல. 'பண்பாடு' என்றோ 'மனிதன்' என்றோ பெயர் சூட்டப்பட்ட திட்டம், எதையும் உள்ளடக்கலாம் என்பதாலேயே எதையும் ஆழ்ந்து தொடாது. எலியட் காலத்து மாணவருக்கும் இம்மாணவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. அவர் தேர்ந்தார், இவர் தேர்ந்ததற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதற்குச் செலவும் உண்டு. ஒரு மாணவருக்காக ஓர் ஆசிரியர் பல மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கின்றது. மூலநிதி குறைந்த கல்லூரிகளுக்கு இது பெருஞ்சுமை. ஹாம்ப்சயர் கல்லூரி 2019இல் கடும் நிதி நெருக்கடிக்கு ஆளாகி, அவ்வாண்டு மிகச் சில மாணவரையே சேர்த்துக்கொண்டது. கல்விமுறை உயர்ந்தது என்பதால் மட்டும் அதை நடத்தும் நிறுவனம் நிலைத்துவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவான காலத்தில், அதில் தமிழுக்கு முதன்மை வேண்டும் என்று கோ. சாரங்கபாணி முதலியோர் குரல் எழுப்பினர். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது; தோட்டத் தொழிலாளரும் வணிகரும் அதற்கு ஈந்தனர். துறைகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. வேண்டும் என்று கேட்டவர் இருந்தமையால் அமைந்தவை என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

நம் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் மாணவர் விருப்பத்துக்கேற்பத் துறை வகுக்க இசையும் என்று நாம் எதிர்பார்க்க இயலாது. ஆயினும், பள்ளியிலும் புகுமுக வகுப்பிலும் ஆசிரியர் செய்யத்தக்க பணி உண்டு. தமிழும் வரலாறும் விரும்பும் மாணவரிடம் எந்தத் துறையில் சேர்வாய் என்று கேட்குமுன், எதை அறிய விரும்புகின்றாய் என்று கேட்கலாம். விடையை ஒரு பக்க அளவில் எழுதச் சொல்லலாம். அதற்கு எந்தெந்தப் பாடங்கள் துணையாகும் என்று அவரோடு அமர்ந்து பட்டியலிடலாம். 'சிங்கை நேசன்' இதழை ஆராய வரும் அம்மாணவர் இறுதியில் வரலாற்றுத் துறையிலேயே சேரலாம்; தமிழ்த் துறையிலேயே சேரலாம். எங்கே சேர்ந்தாலும், அந்த ஒரு பக்கம் அவர் கையில் இருக்குமாயின், விருப்பப் பாடங்களை எதற்காகத் தேர்கின்றோம் என்பதை அவர் அறிந்திருப்பார்.