நான்கு தடப் பதிவி: வீட்டு ஒலிப்பதிவின் வரலாறு

ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்காமல், இசைக் கலைஞர்கள் தம் இருப்பிடத்திலேயே பாடல்களைப் பதிவு செய்துகொள்வது வீட்டு ஒலிப்பதிவு எனப்படுகிறது. 1979இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் தன் டாஸ்காம் பிரிவின் பெயரில் 'போர்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சிறு இசைக்குழுக்கள் வாங்கக்கூடிய விலையில் பல்தடப் பதிவு கிடைத்தது அதன் பின்னரே. அதற்கு முன்பு, ஒரு குழுவின் பாடல் பதிவாகுமா என்பதைப் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனங்களின் பணமே தீர்மானித்தது.

முன்னோடிகள்

வீட்டில் பல அடுக்காக இசையைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால். அவரும் மனைவி மேரி ஃபோர்டும் 1951இல் வெளியிட்ட 'ஹவ் ஹை த மூன்' பாடலில் ஒரே பாடகியின் குரலும் ஒரே கித்தாரும் பலவாகப் பெருகி ஒலித்தன. ஏற்கெனவே பதிந்த ஒலியுடன் புதிய ஒலியைச் சேர்த்து மீண்டும் பதியும் முறையை அவர்கள் கையாண்டனர். இதில் ஒரு வாசிப்பு பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இக்குறையைத் தனித்தனித் தடங்கள் தீர்த்தன. பதியும் முனையும் கேட்கும் முனையும் நாடாவில் சற்று விலகி இருப்பதால், பழைய தடத்தைக் கேட்டபடி புதியதைப் பதிந்தால் இரண்டும் காலத்தில் பொருந்துவதில்லை. பதியும் முனையையே கேட்பதற்கும் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஆம்பெக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அவ்வசதி கொண்ட எட்டுத் தட இயந்திரம் ஒன்றை லெஸ் பால் 1957இல் சுமார் 10,000 டாலருக்குப் பெற்றார். சாதாரணக் குழுவுக்கு அது எட்டாத தொகை.

1970களில் டீயாக்கின் நான்கு தடச் சுருள் நாடாப் பதிவிகள் வீடுகளுக்கு வந்தன. ஆயினும் தனிக் கலவைப் பலகை, விலை மிகுந்த சுருள் நாடா, இணைப்புக் கம்பிகள் எனச் செலவு வளர்ந்தது.

கேசட்டில் நான்கு தடங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் நாடா 3.81 மி.மீ. அகலமே உடையது. ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள் உண்டு. போர்டாஸ்டுடியோ நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. நாடா வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்கில் ஓடியதால் ஒலித்தரம் கூடியது. ஆனால், 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிட இசையே அடங்கியது. கலவைப் பலகையும் அதே பெட்டியில் இருந்தது. இதன் விலை 1,200 டாலர் அளவில் இருந்தது.

நான்குக்கு மேல் கருவிகள் உள்ள குழுக்கள் தடச் சேர்ப்பு முறையை நாடின. மூன்று தடங்களில் முரசு, பாஸ், கித்தார் ஆகியவற்றைப் பதிந்து, அவற்றைக் கலந்து நான்காம் தடத்துக்கு மாற்றுவர். பின்னர் முதல் மூன்றையும் அழித்துக் குரலுக்குப் பயன்படுத்துவர். ஒவ்வொரு மாற்றத்திலும் நாடா இரைச்சல் கூடியது. முரசின் ஒலி குறைவாக இருப்பது பிறகு தெரியவந்தால் திருத்த வழியில்லை. ஆகவே பாடலின் அமைப்பை முன்கூட்டியே முடிவு செய்யும் ஒழுங்கு இக்கருவியோடு வந்தது. பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தொகுப்பும் நான்கு தட இயந்திரங்களில் இவ்வாறே சேர்த்துச் சேர்த்து உருவானது. ஆனால் அவர்களிடம் இருந்தவை அகன்ற நாடாவும் தேர்ந்த பொறியாளர்களும்.

நெப்ராஸ்கா

1982 சனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ செர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் தாம் தங்கியிருந்த வீட்டில், போர்டாஸ்டுடியோ 144இலும் இரண்டு சூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளிலும் புதிய பாடல்களைப் பதிந்தார். குழுவுக்குப் போட்டுக்காட்டுவதற்கான மாதிரிகளாகவே அவை கருதப்பட்டன. பின்னர்க் கூடத்தில் தம் குழுவுடன் முயன்றபோது அப்பாடல்களின் தனிமை உணர்வு கைகூடவில்லை. முடிவில், உறைகூட இல்லாமல் தம்முடன் சுமந்து திரிந்த அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. மலிவான கருவியின் பதிவு முழுமையான படைப்பாகவே நிற்க முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. எனினும் அப்பதிவை இசைத்தட்டுக்கு ஏற்றவாறு மாற்றுவதில் பொறியாளர்கள் பெரிதும் இடர்ப்பட்டனர்.

1983இல் ஃபோஸ்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்-15 மின்கலத்தில் இயங்கியதோடு விலையையும் மேலும் தாழ்த்தியது. ஒகையோவின் டேட்டன் நகரைச் சேர்ந்த 'கைடட் பை வாய்சஸ்' குழு 1994இல் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' தொகுப்பைப் பெரும்பாலும் இத்தகைய வீட்டுக் கருவிகளிலேயே பதிந்தது. நாடாவின் கரகரப்பு ஒரு பாணியாகவே ஏற்கப்பட்டது.

எண்முறைக் காலம்

1992இல் சந்தைக்கு வந்த அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட், எஸ்-விஎச்எஸ் காணொளி நாடாவில் எட்டுத் தடங்களை எண்முறையில் பதிந்தது. விலை 3,995 டாலர். பல கருவிகளை இணைத்துத் தடங்களைப் பெருக்கவும் முடிந்தது. அடுத்து, பதிவு கணினிக்கு நகர்ந்தது. 1996இல் கியூபேஸ் விஎஸ்டி, 2000இல் இலவசமான ஆடாசிட்டி, 2004இல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஆகியவை வந்தபின், தடங்களின் எண்ணிக்கை செலவுக் கணக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

தேர்வின் மாற்றம்

தடப் பற்றாக்குறை நீங்கியபின் ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கிகளை இணைக்கலாம் என்பதே இசைக்குழுவின் முதல் கேள்வியாயிற்று. தனிப் பாடகருக்கு இரண்டு உள்ளீடுகள் கொண்ட இடைமுகப் பெட்டி போதும். முரசுடன் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு எட்டு உள்ளீடுகள் வரை தேவைப்படலாம். குறைந்த உள்ளீடுகள் உள்ளவர்கள் முரசை முதலில் பதிந்து மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றனர். ஒவ்வொரு கருவியையும் பின்னர்த் தனியே திருத்த இம்முறை உதவுகிறது. ஆனால், ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும்போது பிறக்கும் இயல்பான இசைவு இதில் குறைகிறது.

பதிவிகளின் விலை வீழ்ந்த அளவுக்கு அறையின் எதிரொலியோ வெளி இரைச்சலோ குறையவில்லை. நெப்ராஸ்காவில் பயன்பட்ட எஸ்எம்57 ஒலிவாங்கி 1965இல் அறிமுகமானது. இன்றும் விற்பனையில் உள்ளது. பதிவி தலைமுறைக்கு ஒன்றாக மாறினாலும், நல்ல ஒலிவாங்கியும் அமைதியான அறையும் பயின்று தேர்ந்த பாடலும் குழுவின் நிலையான முதலீடுகளாகத் தொடர்கின்றன.