மலையில் யாருக்கு முதல் வழி?



எங்கள் நகரத்தின் நடுவே நிற்கும் மவுண்ட் றோயல் மலையின் பாதைகளைப் பற்றியதே இம்மாதப் பேச்சு. உயரம் 233 மீற்றர் அளவுதான். நுவரெலியாவைக் கண்டவர்கள் இதைக் குன்று என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் நகரத்துக்குப் பெயரே இந்த மலையால் வந்தது. 1535 ஒக்ரோபரில் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே இதில் ஏறினார். வழி காட்டியவர்கள் மலையடிவாரத்தில் ஓசெலாகா என்ற ஊரில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள். அதாவது, எழுத்தில் பதிவான முதல் ஏற்றமே பிறர் போட்டு வைத்திருந்த பாதையில் நடந்ததுதான்.

இன்று சனி, ஞாயிறுகளில் மலைக்குப் போனால் எத்தனை விதமான கால்களைக் காண்கிறோம்! கைத்தடியோடு நடக்கும் முதியவர்கள், குழந்தை வண்டி தள்ளும் தாய்மார், சைக்கிள்காரர், நாயோடு வருவோர். இவர்களுக்கிடையே காட்டுத்தட ஓட்டக்காரர்களும் பெருகிவிட்டார்கள். தார் வீதியை விட்டு, மண்ணிலும் வேரிலும் கல்லிலும் ஓடுபவர்கள் இவர்கள். எம்மவர் பிள்ளைகளும் இதில் சேர்ந்திருப்பது மகிழ்ச்சியான விடயம். ஆனால் ஒரே பாதையில் இத்தனை பேர் போனால், யார் யாருக்கு வழி விடுவது? இந்தக் கேள்வியின் வரலாறு சுவையானது.

மலை பொதுச் சொத்தானதே ஒரு சச்சரவால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது தனியார் காணிகளாக இருந்தது. காணிக்காரர் ஒருவர் மரங்களை விறகுக்காக வெட்டிச் சாய்க்க, மலை மொட்டையாவதைக் கண்ட மக்கள் கொதித்தார்கள். பின்னர் நகரசபை ஏறக்குறைய பத்து லட்சம் டொலர் செலவழித்துக் காணிகளை வாங்கியது. 1874இல் பூங்காவை வடிவமைக்கும் பொறுப்பை ஃபிரெடரிக் லோ ஓம்ஸ்டெட் என்ற அமெரிக்கரிடம் ஒப்படைத்தது. நியூயோர்க்கின் சென்ரல் பார்க்கைக் கல்வேர்ட் வோக்ஸ் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தவர் அவர். 1858இல் தீட்டிய அந்தத் திட்டத்தில் குதிரை வண்டிக்கு ஒரு பாதை, சவாரிக் குதிரைக்கு ஒரு பாதை, நடப்பவருக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். ஒன்றை ஒன்று வெட்டும் இடங்களில் சிறு பாலங்களைக் கட்டினார்கள். வேகம் வேறுபட்டவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் கண்ட வழி அது.

 மொன்றியலில் அவர் சரிவிலே கவனம் வைத்தார். பாதை மெல்ல மெல்ல வளைந்து ஏற வேண்டும், வண்டி இழுக்கும் குதிரை மூச்சு வாங்கக் கூடாது, நோயிலிருந்து எழும்பியவரும் முதியவரும் உடலை வருத்தாமல் உச்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். மலையைப் பார்ப்பதே ஒரு மருந்து என்று நம்பியவர் அவர். 1873இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் பெருகியிருந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதற்காக, முழுத் திட்டமும் கைக்கு வருமுன்னரே நகரசபை வீதி வேலையைத் தொடங்கிவிட்டது. ஓம்ஸ்டெட்டுக்கு அதில் மனக்குறைதான். இருந்தாலும் 1876 மே 24ஆம் திகதி பூங்கா திறக்கப்பட்டது. இன்று ஓம்ஸ்டெட் பாதை என்று நாம் சொல்லும் அகன்ற சரளைக்கல் வழி அந்த வேலையின் பயன்தான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் இளைக்காமல் ஓடி ஏறும் அந்த இதமான சரிவு, ஓடுபவருக்காக வெட்டப்பட்டதல்ல. பாரம் இழுத்த குதிரைக்காகவும், வேகமாகப் போக முடியாத மனிதருக்காகவும் வெட்டப்பட்டது.

பூங்கா பிறக்குமுன்னரே மலையில் விளையாட்டு வீரர்கள் இருந்தார்கள். 1840களில் தோன்றிய மொன்றியல் பனிமிதியடிக் கழகத்தார், பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த பனிமிதியடிகளை அணிந்து, இரவிலே தீப்பந்தம் ஏந்தி, வரிசையாக மலையைக் கடந்து கோட்-டே-நேஜ் பக்கம் இறங்குவார்களாம். எம்மவரில் பலர் வந்து குடியேறிய அதே கோட்-டே-நேஜ்தான்.

பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னதைவிட வேகமான ஒன்று மலைக்கு வந்தது. 1885 முதல் 1918 வரை கம்பியிழுவை ரயில் செங்குத்தாக ஏறியது. அதன்பின் ட்ராம் வண்டி வந்தது. மோட்டார் வாகனத்தை மட்டும் நகரம் நெடுங்காலம் மலையில் ஏறவிடவில்லை. 1958இல் மலையின் குறுக்கே வீதி திறக்கப்பட்டபோது அந்தக் காவலும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அப்படியொரு வீதி கூடாது என்று எதிர்த்துநின்ற முன்னாள் மேயர் கமிலியன் ஹூட் அவர்களின் பெயரையே அந்த வீதிக்கு வைத்தார்கள். 2017 ஒக்ரோபரில் அதே வீதியில், சட்டவிரோதமாகத் திரும்பிய காரில் மோதி 18 வயதுச் சைக்கிள் வீரர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த கோடையில் ஊடறுத்துச் செல்லும் வாகனங்களை நகரசபை சில மாதங்கள் தடுத்துப் பார்த்தது. வீதி பற்றிய வாதம் அதன்பின்னரும் ஓயவில்லை. குதிரை வண்டிகளோ 2019 டிசெம்பர் முடிவோடு நகரத்திலிருந்தே தடைசெய்யப்பட்டன. எவருக்காகச் சரிவு வெட்டப்பட்டதோ, அவரே போய்விட்டார்.

காட்டுத்தட ஓட்டத்துக்கும் குதிரைக்கும் இன்னொரு உறவும் உண்டு. கலிபோர்னியாவில் 1955 முதல், 100 மைல் மலைத்தடத்தை ஒரே நாளில் கடக்கும் குதிரைப் போட்டி நடந்து வருகிறது. கோர்டி ஏன்ஸ்லி என்ற சவாரிக்காரரின் குதிரை 1973 போட்டியில் நொண்டத் தொடங்கியதால் அவர் இடையில் விலக நேர்ந்தது. மறுவருடம், 1974இல், குதிரையே இல்லாமல் தன் கால்களால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்துக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே வெஸ்டேர்ன் ஸ்டேட்ஸ் என்ற புகழ்பெற்ற நெடுந்தூர ஓட்டம். ஆக, இந்த விளையாட்டின் பெரும் போட்டி ஒன்று குதிரையின் தடத்தில் விருந்தாளியாகப் பிறந்ததுதான்.

அதனால்தான் பல நாடுகளில் பொதுத் தடங்களின் வழக்கம் இப்படி அமைந்திருக்கிறது: சைக்கிள்காரர் எல்லோருக்கும் வழி விடுவார், ஓடுபவரும் நடப்பவரும் குதிரைக்கு வழி விடுவார்கள். இதற்குக் காரணம் உண்டு. குதிரை இரையாக வாழ்ந்து பழகிய மிருகம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பரந்து பார்க்கும், ஆனால் நேர் பின்னால் வருவது தெரியாது. பின்னாலிருந்து காலடிச் சத்தம் விரைந்து வந்தால் உதைக்கும், அல்லது மிரண்டு பாயும். ஆகவே கிராமப்புறத் தடங்களில் சவாரிக்காரரைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள். தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அமைதியடையும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று சவாரிக்காரரையே கேளுங்கள். சரிவான இடத்தில் பள்ளப் பக்கம் ஒதுங்குவது பொது வழக்கம், ஏனெனில் மிரண்ட குதிரை பெரும்பாலும் மேட்டுப் பக்கமே பாயும். மரத்தின் பின்னால் மறைந்து நிற்க வேண்டாம்.

மவுண்ட் றோயலில் இன்று குதிரையைவிட முதியவரைத்தான் அதிகம் சந்திக்கிறோம். நேயர் ஒருவர், எழுபது கடந்த அம்மா, நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்: முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மலையில் நடந்து வந்தவராம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்த ஓட்டக்காரர் தோளில் உரசிப் போனதில் தடுமாறி விழப் பார்த்தாராம். அன்றிலிருந்து மலைப்பக்கம் போவதில்லையாம். "தம்பி, எனக்கு அவனில் கோபமில்லை. ஆனால் பயம் வந்திட்டுது," என்றார்.

இதைச் சிறிய விடயம் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் மூத்தவர்கள் பாதைகள் மூடிக் கிடந்த காலத்திலிருந்து வந்தவர்கள். ஏ9 வீதி 2002இல் திறந்ததையும், 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடியதையும் அறியாத வீடு எம்மிடையே இல்லை. அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் ஓரடி வைக்க முடியாதிருந்தவருக்கு, யாரிடமும் கேட்காமல் நடக்கக் கிடைத்த வழி இந்த மலை. அதை ஓர் அவசரக்காரனின் உரசல் பறித்துவிடக் கூடாது.

வழிப் பண்பு எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரையில், குமண, யால காட்டினூடாக யானை உலாவும் தடத்திலேதான் அடியார்கள் நடக்கிறார்கள். அங்கே யானைக்கு வழி விடுவது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியில் எதிர்ப்பட்டவர் யாராக இருந்தாலும், சாதியோ வயதோ பாராமல், "சாமி" என்றே அழைப்பார்கள்.

மலையில் ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். ஒருவரைக் கடக்கும்போது வேகம் குறைத்து, தூரத்திலேயே "பொன்ஜூர்" சொல்லி, இடம் விட்டுப் போக ஆகக்கூடியது பத்து விநாடி. ஒரு மணி நேர ஓட்டத்தில் பன்னிரண்டு பேரைக் கடந்தால் இரண்டு நிமிடம். அவ்வளவுதான் செலவு. காதில் இசைக்கருவி மாட்டினால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள். குறிக்கப்பட்ட தடங்களை விட்டுக் குறுக்குவழி போடாதீர்கள். மிதிபட்ட மண் மழையில் கரைந்து மரவேர் வெளியே வரும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காகக் கோடு போட்ட தடத்தில் கால் வைக்காதீர்கள்.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலைந்து பேராக முழுப் பாதையையும் அடைத்துக் கதைபேசிப் போகாமல், வலப்பக்கம் ஒதுங்கி நடந்தால் ஓடுபவருக்கும் உதவி. பின்னாலிருந்து குரல் கேட்டால் பதறித் திரும்ப வேண்டாம். இருந்த பக்கத்திலேயே நிதானமாக நடவுங்கள். கடந்து போகிறவர் எங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம், வேறொருவர் பிள்ளையாகவும் இருக்கலாம். பதில் வணக்கம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.