வரிவிலக்கும் பெருங்கம்பனிகளும்: அமெரிக்க மாநிலங்கள் கண்ட அனுபவம்

வரி அறவிடுதல் அரசின் உரிமை. அவ்வுரிமையைத் தானே விட்டுக்கொடுத்துப் பெருமுதலாளிகளைத் தன் எல்லைக்குள் அழைத்தலும் அரசுகள் கையாளும் ஒரு வழியாகும். வறியவன் இறுக்கும் வரியைக் குறைத்தல் இரக்கத்தின்பாற்படும். பெருஞ்செல்வமுடைய கம்பனிக்கு வரியை விலக்குதல் எதன்பாற்படும்? தொழில் பெருகும், ஊர் வளரும், விட்ட வரி வேறு வழியாகத் திரும்பிவரும் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் எவ்வளவிற்கு மெய்யாயிற்று என்பதை ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாட்டிலே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென வரி விதிக்கும் அதிகாரமுடையது. ஆகவே, ஒரு தொழிற்சாலையைப் பெறுதற்கு மாநிலங்கள் தம்முள் போட்டியிடுதல் அங்கே இயல்பாயிற்று.

இம்முறை புதியதன்று. 1791ஆம் ஆண்டிலே, திறைசேரிச் செயலாளராயிருந்த அலெக்சாந்தர் ஹமில்ற்றனின் தூண்டுதலால், நியூ யேர்சிச் சட்டமன்றம் பயன்தரு கைத்தொழில்களை நிறுவுதற்கான சங்கம் ஒன்றுக்குச் சாசனம் வழங்கிற்று. பசாயிக் ஆற்றின் பெருநீர்வீழ்ச்சியருகே ஆலைகளை அமைத்தல் அதன் நோக்கம். பத்தாண்டு வரிவிலக்கு அதற்கு அளிக்கப்பட்ட சலுகைகளுள் ஒன்று. அங்கு எழுந்த நகருக்கு ஆளுநர் வில்லியம் பற்றேசனின் பெயரே இடப்பட்டது. ஆனால் சங்கத்தின் தலைவராகிய வில்லியம் டூவர் 1792ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியிலே கடனாளியாகிச் சிறை புகுந்தார். 1796ஆம் ஆண்டிலே பருத்தியாலையும் மூடப்பட்டது. பின்னர், சங்கம் தன் நீர்வலுவைப் பிறருக்குக் குத்தகைக்கு விட, அதனைக்கொண்டு இயங்கிய ஆலைகளால் பற்றேசன் நகர் வளர்ந்து, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. நகரை வளர்த்தது சலுகையா, நீர்வீழ்ச்சியா என்னும் வினா அன்றே தோன்றியதெனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பல மாநிலங்கள் கால்வாய், இருப்புப்பாதை, வங்கி ஆகியவற்றுக்காகப் பெருங்கடன் பட்டன. 1837ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர், 1841, 1842 ஆகிய ஆண்டுகளில் எட்டு மாநிலங்கள் கடன் தவணையைச் செலுத்தமாட்டாது தவறின. மிசிசிப்பி மாநிலம் வங்கிகளுக்காகத் தான் வழங்கிய முறிகளைச் செலுத்தவே மறுத்துவிட்டது. இவ்வனுபவத்தால், பொதுமக்களின் கடனாற்றலைத் தனியார் கம்பனிகளுக்கு ஈடாக வைத்தலாகாது எனப் பல மாநிலங்கள் தத்தம் அரசியலமைப்பிலே விதி செய்துகொண்டன.

அவ்விதியைச் சுற்றி வழி கண்டதும் அதே மிசிசிப்பி என்பது ஈண்டு நோக்கற்பாலது. அம்மாநிலத்துக் கொலம்பியா என்னும் சிற்றூர் மரத்தொழிலால் வாழ்ந்தது. காடு அழிந்தபின் ஊரும் நலிந்தது. மரவாலை உடைமையாளரும் நகரமுதல்வருமாகிய ஹியூ வைற், ஊரவரிடம் பணந்திரட்டி ஆடைத் தொழிற்சாலையொன்றை அங்குக் கொணர்ந்தார். 1936ஆம் ஆண்டிலே மாநில ஆளுநரானதும், அவர் ஊரிலே கண்டதை நாட்டளவிலே செய்ய முற்பட்டார். பருத்தியொன்றையே நம்பி வறுமையுற்றிருந்த மாநிலத்தில் உழவோடு கைத்தொழிலையும் சமன்செய்தல் என்பதே அவ்வாண்டில் நிறைவேறிய சட்டத்தின் கருத்து. நகரசபை முறி விற்றுத் தொழிற்சாலைக் கட்டடம் அமைத்துக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடலாம். கட்டடம் ஊரின் உடைமையாதலால் அதற்கு ஆதனவரி இல்லை. முறிகளின் வட்டிக்கு மத்திய அரசின் வருமானவரி இல்லாமையால் கடனும் குறைந்த வட்டிக்குக் கிடைத்தது.

எனினும் அச்சட்டம் கட்டுப்பாடற்றதன்று. மாநில ஆணைக்குழு ஒன்று திட்டத்தை ஆராய்ந்து சான்றளித்தல் வேண்டும். ஊரின் வாக்காளர் பெரும்பான்மையால் அதனை ஏற்றல் வேண்டும். கம்பனி நீங்கினும் கட்டடம் ஊருக்கே எஞ்சும். 1938ஆம் ஆண்டிலே மாநில உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லுமெனத் தீர்த்தது. அதே ஆண்டில் பஸ்காகூலாவில் நிறுவப்பெற்ற இங்கல்ஸ் கப்பற்றளம் இன்றும் அமெரிக்கக் கடற்படைக்குக் கப்பல் கட்டுகின்றது. 1940இல் நீக்கப்பட்ட திட்டம் 1944இல் மீண்டும் உயிர்பெற, பிற தென்மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்காலத்து மிசிசிப்பியிலே கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. புதிய ஆலைகளின் வேலையும் பெரும்பாலும் வெள்ளையர்க்கே கிட்டியது. ஊரின் இசைவு என்றது ஊரிற் சிலரின் இசைவே. கம்பனிகளை ஈர்த்தவற்றுள் குறைந்த கூலியும் ஒன்றென்பது மறக்கத்தக்கதன்று.

காலப்போக்கிலே போட்டி வடக்கிற்கும் பரவிற்று. 1976ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாநிலம், ஏறத்தாழ 70 மில்லியன் டொலர் பெறுமதியான உதவிகளை அளித்து வொல்க்ஸ்வாகன் மோட்டார்க் கம்பனியை வெஸ்ற்மோர்லன்ட் பகுதிக்குக் கொணர்ந்தது. 1978இல் உற்பத்தி தொடங்கிற்று. 1988இல் ஆலை மூடப்பட்டது. 1993ஆம் ஆண்டிலே அலபாமா மாநிலம் மேர்சிடிஸ் பென்ஸ் கம்பனிக்கு ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் சலுகை அளித்தபோது, 1,500 வேலைகளுக்கு இவ்வளவு விலையோ எனப் பலர் கண்டித்தனர். ஆனால் அவ்வாலை நிலைத்து விரிந்தது. ஹொண்டா, ஹியுண்டாய் ஆகிய கம்பனிகளும் பின்னர் அம்மாநிலத்தை நாடின. ஆகவே, சலுகை யாவும் வீண் என்றல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

2017ஆம் ஆண்டின் விஸ்கொன்சின் நிகழ்ச்சி இவ்விடயத்திலே சிறந்த பாடமாகும். தாய்வானின் பொக்ஸ்கொன் கம்பனி 10 பில்லியன் டொலர் முதலிட்டு 13,000 பேருக்கு வேலை தருவதாகக் கூற, மாநிலம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் வரையிலான சலுகைகளை உறுதியளித்தது. உற்பத்தியாளர்க்கு அங்கு வருமானவரி ஏற்கெனவே மிகக் குறைவு. ஆதலால் வரிச்சலுகை எனப்பட்டதன் பெரும்பகுதி உண்மையிலே அரசு கொடுக்கும் காசாகவே முடியவிருந்தது. செலவு மாநிலத்துக்கு மீள்வதற்கு 2043ஆம் ஆண்டளவு ஆகுமெனச் சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே கணித்தது. சொன்ன ஆலை எழவில்லை. 2021ஆம் ஆண்டிலே ஒப்பந்தம் திருத்தப்பட்டு, வேலைகள் 1,454 எனவும் சலுகை 80 மில்லியன் டொலர் எனவும் சுருங்கின. வேலை தந்தாலன்றிச் சலுகை இல்லை என்ற நிபந்தனை முதலொப்பந்தத்திலே இருந்தமையால் மாநிலம் பெருநட்டத்திலிருந்து தப்பியது. ஆனால் மவுண்ட் பிளசண்ட் என்னும் சிற்றூர், நிலம் கொள்வதற்கும் நீர்வசதிக்கும் முன்கூட்டியே பெருங்கடன் பட்டிருந்தது. அவ்விடத்திலே வீடு விட்டு நீங்கினோரும் உளர்.

இவ்வாறு இடர் கண்டும் மாநிலங்கள் இவ்வழியை விடாமைக்குக் காரணம் யாது? தான் எங்குச் செல்லக் கருதியுள்ளதென்பதைக் கம்பனி அறியும், அரசு அறியாது. சலுகையின்றியும் வந்திருக்கக்கூடிய கம்பனிக்கும் சலுகை கிடைத்துவிடுகின்றது. சலுகை காரணமாகவே இடந்தெரிந்த கம்பனிகள் நூற்றுக்கு 2 முதல் 25 வரையெனப் பொருளியலறிஞர் திமொதி பார்ட்டிக் 2018ஆம் ஆண்டிலே, முன்னர் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார். மேலும், ஆலையை அறிவிக்கும் புகழ் இன்றைய ஆட்சியாளரைச் சாரும். இழந்த வரியின் சுமை நாளைய பாடசாலையையும் வீதியையும் சாரும். கன்சாஸ், மிசூரி ஆகிய அயல் மாநிலங்கள், ஒரே நகரப்பகுதியின் ஒருபுறத்துக் கம்பனிகளை மறுபுறத்திற்கு இழுப்பதற்காக நெடுங்காலம் பொருள் இறைத்து, 2019ஆம் ஆண்டிலேதான் அப்போட்டியை நிறுத்த உடன்பட்டன.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? சலுகை நன்றா தீதா என வாளா வினவுதல் போதாது. அதற்கு இசைவளித்தவர் யார், தந்த வாக்கு பொய்ப்பின் மீளப்பெறும் வழி உண்டா, கம்பனி நீங்கினால் ஊரிலே எஞ்சுவது எது என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். மிசிசிப்பியின் பழைய சட்டம், குறைகள் பல உடையதாயினும், இம்மூன்றையும் எழுத்திலே வைத்தது. அவற்றை மறந்த இடங்களிலே, கொடுத்தது உறுதியாகவும் பெற்றது வாக்குறுதியாகவும் முடிந்தது. வரி என்பது ஊரார் பலரின் உழைப்பிலிருந்து வருவது. அதனை விட்டுக்கொடுப்போர் ஊராருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராவர். நாளை பொதுப்பணியிலே புகவிருக்கும் நம் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது இதுவேயாம்.