காதலின் மாட்சியும் கதையின் முடிவும்

மலேசியத் தமிழ்ப் புதினத்தின் வரலாற்றைக் கூறுவோர், 1917-ஆம் ஆண்டில் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்னும் நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். முதல் நூலின் பெயரிலேயே காதல் அமைந்துள்ளது. அதன்பின் சாதி தடுத்த காதலையும், வறுமை பிரித்த காதலையும் நம்மவர் பலவாறு எழுதினர். ஆணை விரும்பும் இளைஞனும், பெண்ணை விரும்பும் மங்கையும் காதற் கதைக்குள் வந்த வரலாறு யாது? ஆங்கில நூல்களில் அவ்வரலாறு தெளிவாகப் புலப்படுகிறது. ஒவ்வொரு கதையின் முடிவையும் நோக்கினாலே அது விளங்கும்.

கதையின் முடிவு ஒருவகைத் தீர்ப்பு என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்பிகாபதி கொலையுண்டாலும், கேட்போர் நெஞ்சம் காதலர் பக்கமே நிற்கிறது. தன்பால் காதலைக் கூறிய பழைய கதைகள் பலவற்றிலோ, நேர்ந்த அழிவு பிழைக்குத் தக்க பயன் போலவே காட்டப்பட்டது.

இளையோர்க்கென எழுதப்பட்டவற்றுள் முதலாவதாகக் கருதப்படுவது, அமெரிக்கரான ஜான் டோனவன் 1969-இல் வெளியிட்ட புதினம். பதின்மூன்று வயதுச் சிறுவன் டேவி தன் தோழனை முத்தமிடுகிறான். பின்னர் அவனுடைய செல்ல நாய் காரில் அடிபட்டு இறக்கிறது. தன் செயலே அதற்குக் காரணம் என்று பேதை நெஞ்சம் நோகிறது. தண்டனை நாயின்மேல் விழுந்தது. பழியோ சிறுவனைச் சேர்ந்தது.

1982-இல் நான்சி கார்டன் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ இந்நிலையை மாற்றியது. நியூயார்க் நகரப் பெண்கள் இருவர் பிரிந்தும் இறுதியில் மீண்டும் நெருங்குகின்றனர். ஆயினும் அக்கதையில் இரு ஆசிரியைகள் வேலை இழக்கின்றனர். 1993-இல் கான்சஸ் சிட்டியில் இந்நூலின் படி ஒன்று எரிக்கப்பட்டது. பள்ளி நூலகங்களிலிருந்து இது நீக்கப்பட்டதை எதிர்த்து மாணவர் வழக்காட, 1995-இல் நீதிமன்றம் நூலை மீண்டும் வைக்கப் பணித்தது.

நம்மவர் வாழ்வுக்கு நெருங்கிய நூல் கொழும்பிலிருந்து எழுந்தது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ 1994-இல் வெளிவந்தது. தமிழ்ச் சிறுவன் அர்ஜி, சிங்கள மாணவன் ஒருவனை விரும்புகிறான். அவர்களைப் பிரிப்பது 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரம். வீடு எரிந்தது அவன் காதலால் அன்று. அவன் தமிழன் என்பதால். பழி இங்கே சிறுவனை விட்டு நீங்கிச் சமுதாயத்தின்மேல் செல்வதைக் காண்க. 2005-இல் அவரே இளையோர்க்கென எழுதிய ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ’ என்னும் நூலில், பதினான்கு வயது அம்ரித் கனடாவிலிருந்து வந்த உறவினனை விரும்புகிறான். அவ்விருப்பம் கைகூடவில்லை. ஆயினும் அவன் அழியவில்லை, தன்னை அறிகிறான்.

மலேசியாவிலும் இப்பொருள் பேசப்பட்டது. ஜெரோம் குகன், பாங் கீ தெக் இருவரும் தொகுத்த ‘பாடி டு பாடி’ 2009-இல் வெளிவந்தது. கோலாலம்பூரில் வளர்ந்த தாஷ் ஆவின் ‘தி சவுத்’ 2025-இல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தெற்கே நலிந்து கிடக்கும் பண்ணை ஒன்றில், பள்ளிப் பருவத்து ஜேய் என்பான் பண்ணை மேலாளர் மகனை விரும்பும் கதை அது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு இந்நாட்டில் இன்றும் இருக்க, இந்நூல்கள் எழுந்தன என்பது கருதத்தக்கது. இந்தியாவிலோ உச்ச நீதிமன்றம் 2018-இல், வயது வந்தோர் இருவர் மனமொத்த உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவன் இந்நூல்களை ஆங்கிலத்தில் படிக்கக்கூடும். அங்கே அவன் சாகாமல் வாழும் தன்னைப் போன்ற ஒருவனைக் காண்கிறான். தமிழுக்குத் திரும்பினால் அவனை எதிர்கொள்வது பெரும்பாலும் வகுப்பறை வசைச்சொல்லும் திரைப்பட நகைச்சுவையுமே. தாய்மொழியில் ஒரு பிள்ளை தன்னைக் காணும் இடம் எள்ளல் ஒன்றே ஆதல் மொழிக்குப் பெருமையன்று. அகத்தை இத்துணை நுணுகி ஆராய்ந்த மொழி, இப்பிள்ளைக்கும் ஒரு நல்ல கதை சொல்லக் கடமைப்பட்டுள்ளது. அதுவரை, வகுப்பில் அவ்வசைச்சொல் எழும்போது அதனைத் தடுப்பதேனும் ஆசிரியர் கையில் உள்ளது.