தடாவும் ஒரு கடிதமும்

1993 அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தபோது, வெளிநாடுகளின் வாயை அடைக்க அரசு செய்த ஏற்பாடு என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஆணையம் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது. ராணுவத்தின் மீது புகார் வந்தால் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அவ்வளவுதான். ஓராண்டு கடந்த சம்பவத்தை விசாரிக்கச் சட்டமே தடை. ஆனால் புகார் வாங்கும் அலுவலகமாக மட்டும் பார்த்தால் ஆணையத்தின் தொடக்க கால வரலாறு விளங்காது. அதன் பலம் பகிரங்கமாகப் பேசுவதில் இருந்தது.

இதற்கு உதாரணம் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அதில், எஸ்.பி. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியமாக ஏற்கப்பட்டது. சாதாரணச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை. லாக்கப்பில் என்ன நடக்கும் என்று சாதாரணச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1994 மார்ச்சில் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடா செல்லும் என்றது. நீதிமன்றத்தின் கதவு அப்படி மூடிய பிறகு, ஆணையத்தின் தலைவரும் முன்னாள் தலைமை நீதிபதியுமான ரங்கநாத் மிஸ்ரா 1995 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். தடாவை நீட்டிக்காதீர்கள் என்பதே அதன் சாரம். மே 23 அன்று சட்டம் காலாவதியானது.

கடிதமா தடாவைச் சாய்த்தது, சிறுபான்மையினரின் கோபத்துக்கு அஞ்சிய காங்கிரஸின் தேர்தல் கணக்கல்லவா என்று கேட்கலாம். அந்தக் கணக்கும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் தடாவை எதிர்ப்பவர்களைத் தேசவிரோதிகள் என்று ஒதுக்குவது அன்று சுலபமாக இருந்தது. முன்னாள் தலைமை நீதிபதியை அப்படி ஒதுக்க முடியவில்லை. நீதிபதிகள் பிரசாரம் செய்யலாமா என்ற ஆட்சேபத்துக்கு, ஆணையத்தை அமைத்த சட்டத்தின் 12-ஆவது பிரிவே பதில்: உரிமைப் பாதுகாப்புகளை ஆராய்ந்து கருத்துச் சொல்வதும், மக்களிடம் உரிமை அறிவைப் பரப்புவதும் ஆணையத்தின் கடமைகள். தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவை எதிர்த்து ஆணையம் தோற்றதே என்பது வலுவான வாதம். 2000-இல் மசோதாவாக இருந்தபோதே அது வேண்டாம் என்று ஆணையம் சொல்லியும், 2002-இல் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியது. அதை ஆதரித்த கூட்டணியில் இருந்த வைகோவே சில மாதங்களில் அதன்கீழ் கைதானார். எச்சரிக்கை தவறில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2004-இல் பொடா நீக்கப்பட்டது.

2023-இலும் 2024-இலும், ஆணையத்தின் சர்வதேசத் தரமதிப்பீடு ஒத்திவைக்கப்பட்டது. அதிகாரம் போதவில்லை என்பதை இதற்குச் சமாதானமாகச் சொல்ல முடியாது. மிஸ்ராவுக்கும் இதே குறைந்த அதிகாரம்தான் இருந்தது.