காற்றின் மேல் நிற்கும் பழைய லொறி

சில மாதங்களுக்கு முன்னர் கலிபோர்னியாவில் வசிக்கும் எனது மைத்துனர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. 1966ஆம் ஆண்டின் செவ்ரொலே சி-10 ரகச் சிறு லொறியொன்றை அவர் வாங்கியிருக்கிறார். அதன் சுருள் வில்களைக் கழற்றிவிட்டு றப்பர் காற்றுப் பைகளைப் பொருத்தப் போகிறாராம். பைகளைத் தெரிவுசெய்வதில் அவருக்குச் சிக்கலில்லை. பைகளுக்குள் எவ்வளவு காற்று போகவேண்டும், எவ்வளவு வெளியேற வேண்டும் என்று கட்டளையிடும் கட்டுப்பாட்டுக் கருவியில்தான் குழப்பம். காற்றின் அழுத்தத்தை அளந்து இயங்குவது ஒரு வகை. வண்டியின் உயரத்தை அளந்து இயங்குவது மற்றொரு வகை. பின்னதற்கு விலை அதிகம். "அத்தான், நீங்கள் பழசுகளைக் கிண்டுகிற ஆள்தானே, இதற்கும் ஏதாவது வரலாறு இருக்கிறதா என்று பாருங்கோ" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் பெட்போர்ட் லொறியின் பின்தட்டில் குந்தியிருந்து பயணம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில்லுக்கு அப்பால் வேறொன்றையும் அறியேன். அந்தப் பெட்போர்ட்டும் ஜெனரல் மோட்டோர்ஸ் குடும்பத்தின் பிரித்தானியக் கிளையில் பிறந்ததே. எனவே மைத்துனரின் செவ்ரொலே எங்களுடைய பழைய லொறிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்ற உரிமையில் கிண்டத் தொடங்கினேன்.

வாகனத்தைக் காற்றின் மேல் நிறுத்தும் எண்ணம் மோட்டார் காரின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1901ஆம் ஆண்டில் வில்லியம் ஹம்ப்ரீஸ் என்பவர் வாகனங்களுக்கான காற்று வில் ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1930களில் ரயர் உற்பத்தியாளரான பயர்ஸ்டோன் நிறுவனம் றப்பர் காற்றுப் பைகளில் ஈடுபாடு காட்டியது. அந்நிறுவனத்தின் துணையுடன் வில்லியம் ஸ்டௌட் என்ற பொறியியலாளர் 1946இல் உருவாக்கிய பரிசோதனைக் கார், கண்ணாடி இழை உடலும் காற்று வில்லும் கொண்டிருந்தது. அந்தக் கார் ஒன்றோடு நின்றுவிட்டது. காற்று வில் உண்மையில் வேரூன்றியது பஸ்களில்தான். 1953இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தனது பஸ்களுக்கு அதை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு வெளிவந்த கிரேஹவுண்ட் கொம்பனியின் புகழ்பெற்ற 'சீனிக்குரூசர்' பஸ்களும் காற்றின் மேலேயே ஓடின.

ஏன் பஸ்? வெறுமையாக ஓடும் பஸ்ஸுக்கும் நிறைந்து வழியும் பஸ்ஸுக்கும் இடையிலான எடை வித்தியாசம் பல தொன். இரும்பு வில்லை நிறைந்த பஸ்ஸுக்குப் பொருத்தமாக அமைத்தால் வெறும் பஸ் குதிக்கும். வெறும் பஸ்ஸுக்கு அமைத்தால் நிறைந்த பஸ் தரை தட்டும். காற்று வில்லில் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் சாரதி இறங்கிவந்து காற்றடிக்க முடியுமா? அதற்காகவே மட்டங்காட்டும் வால்வு பிறந்தது. சட்டகத்தில் ஒரு வால்வு, அதிலிருந்து நீண்டு அச்சுடன் இணையும் ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். பஸ் தாழ்ந்தால் நெம்புகோல் மேலெழுந்து காற்றை உள்ளே விடும். பஸ் உயர்ந்தால் காற்றை வெளியேற்றும். ஒவ்வொரு குழிக்கும் பதறாமல் சில விநாடிகள் தாமதித்து இயங்குமாறு அதைச் செய்தனர்.

இங்கே கவனிக்கவேண்டிய விடயம், அந்த வால்வு அழுத்தத்தைக் கணக்கிலெடுக்கவே இல்லை என்பதாகும். அதற்குத் தெரிந்தது உயரம் மட்டுமே.

பஸ்ஸில் வெற்றி கண்ட ஜெனரல் மோட்டோர்ஸ், காரிலும் அதையே செய்யலாம் என்று நம்பியது. 1957இல் வெளிவந்த கடிலக் எல்டொராடோ புரோம், நான்கு சில்லுகளிலும் காற்று வில்லுடன் 13,074 டொலருக்கு விற்கப்பட்டது. அந்த ஆண்டில் செய்யப்பட்டவை 400 கார்கள் மட்டுமே. 1958இல் சாதாரண செவ்ரொலேயிலும் 'லெவல் எயார்' என்ற பெயரில் விரும்பியோர் அதைப் பெறலாம் என்றனர். விரும்பியோர் மிகச் சிலர். இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் படுத்துக் கிடந்தது. குழாய்களில் தேங்கிய ஈரம் குளிர்காலத்தில் உறைந்து வால்வுகளை அடைத்தது. செல்வந்தர் பலர் அந்த விலையுயர்ந்த பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண சுருள் வில்களைப் பூட்டிக்கொண்டனர். அதே காலத்தில் பிரான்சில் சித்ரோவென் நிறுவனம் 1955ஆம் ஆண்டின் டீஎஸ் காரில் எண்ணெயையும் வாயுவையும் இணைத்து வெற்றி கண்டது. அதிலும் உயரத்தைத் திருத்தும் பொறியே அமைப்பின் மூளையாக இருந்தது. அமெரிக்கர் தோற்றது காற்றினால் அன்று. ஒழுக்கினாலும் ஈரத்தினாலும் என்பது எனது துணிபு.

இதே ஆண்டுகளில், இதே கலிபோர்னியாவில், வாகனத்தின் உயரம் வேறொரு காரணத்துக்காக அரசியலாகியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கிழக்கு லொஸ் ஏஞ்சலிசில் வாழ்ந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, வில்களை வெட்டியும் பின்பெட்டியில் மண்மூட்டைகளை ஏற்றியும் தாழ்த்தி, ஞாயிறு மாலைகளில் விட்டியர் வீதியில் மெதுவாக ஊர்வலம் போயினர். வேகமாக ஓடுவதே பெருமை என்றிருந்த ஒரு நாட்டில், மெதுவாகவும் தாழ்வாகவும் போவதைத் தங்கள் அழகாக அவர்கள் வரித்துக்கொண்டனர். 1958இல் மாநிலச் சட்டம் குறுக்கிட்டது. சில்லின் இரும்பு விளிம்பினது அடிமட்டத்துக்குக் கீழே வாகனத்தின் எந்தப் பாகமும் வருமாறு மாற்றம் செய்திருந்தால் அது குற்றம். கார்களுக்கு மட்டுமல்ல, 6,000 இறாத்தலுக்குக் குறைந்த வர்த்தக வாகனங்களுக்கும் இது பொருந்தியது. மைத்துனரின் லொறியைப் போன்றவையும் இந்த வலைக்குள் அடங்கும். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. வீதியோரத்தில் யாரை நிறுத்தி அளவுகோலை எடுப்பது என்பதைப் பொலிஸார் தீர்மானித்தனர். சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்று பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சட்டத்துக்குக் கிடைத்த பதில் ஓர் ஆழி. 1959இல் ரொன் அகிரே என்ற இளைஞர் தனது 1956ஆம் ஆண்டுக் கோர்வெட் காரில் உபரியாக விற்கப்பட்ட விமான எண்ணெய்ப் பம்பிகளைப் பொருத்தினார். பொலிஸைக் கண்டதும் ஆழியைத் தட்டினால் கார் சட்டபூர்வமான உயரத்துக்கு எழும். பொலிஸ் போனதும் மீண்டும் படுக்கும். இது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கியதே தவிரக் காற்றினால் அன்று. ஆயினும் சாரதி இருக்கையிலிருந்தே வாகனத்தின் உயரத்தை ஆளும் ஆசை இந்த வீதிகளில்தான் வளர்ந்தது. பின்னாளில் சிறு லொறிகளைத் தாழ்த்திய அடுத்த தலைமுறை, எண்ணெய்க்குப் பதிலாகக் கனரக வாகனங்களின் காற்றுப் பைகளை எடுத்துக்கொண்டது. எண்ணெய் துள்ளும்; காற்று மிதக்கும். நாள்தோறும் ஓட்டுகிறவனுக்கு மிதப்பதே சுகம்.

செவ்ரொலே சி-10 இந்தக் கலையின் செல்லப்பிள்ளையானதற்குக் காரணமுண்டு. மற்றவர்கள் லொறியின் பின்புறத்தில் தகட்டு வில்லை வைத்திருந்த காலத்தில், 1960 முதல் 1972 வரையான அரைத்தொன் செவ்ரொலேயின் பின்புறத்தில் நீண்ட இரு கைகளும் சுருள் வில்களும் இருந்தன. 1963இலிருந்து முன்புறமும் சுருள் வில்லுக்கு மாறியது. சுருள் இருந்த இடத்தில் பையை வைப்பது ஒப்பீட்டளவில் எளிது.

இனி மைத்துனரின் கேள்விக்கு வருவோம்.

பையொன்றின் தாங்கு பரப்பு 20 சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அழுத்தத்தில் அது 1,000 இறாத்தலைத் தாங்கும். அந்த மூலையில் இன்னொரு 400 இறாத்தலை ஏற்றுங்கள். பை நசுங்கி, உள்ளே அடைபட்ட காற்று 70 இறாத்தலை எட்டும்வரை லொறி தாழும். இப்போது அழுத்தத்தை மட்டும் அளக்கும் கருவியில் நாம் முன்னர் பதித்துவைத்த "50" என்ற பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? அழுத்தம் கூடிவிட்டது என்று எண்ணிக் கருவி காற்றை வெளியேற்றும். ஏற்கெனவே தாழ்ந்த லொறி மேலும் தாழும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு.

அப்படியானால் உயரத்தை அளப்பதே முடிவான பதிலா? அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நான்கு கால் வாங்கு சமமில்லாத நிலத்தில் ஆடும், முக்காலி ஆடாது. நான்கு மூலைகளிலும் உயரத்தை மட்டும் துரத்தும் கருவி, குறுக்காக எதிரெதிரே உள்ள இரு பைகளில் பாரத்தை ஏற்றிவிட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டுவிடக் கூடும். பார்வைக்கு மட்டம் சரியாக இருக்கும். வளைவில் திரும்பும்போது லொறி வலப்புறம் ஒரு விதமாகவும் இடப்புறம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். பஸ் பொறியியலாளர்கள் நான்கு சில்லுக்கு மூன்று மட்ட வால்வுகளை மட்டும் வைத்த வழக்கம் இதனால்தான். 1984இல் லிங்கன் மார்க் ஏழு கார் கணினிக் கட்டுப்பாட்டுடன் வந்தபோது, அதுவும் மூன்று உயர உணரிகளையே நம்பியது.

எனவே உயரத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து அளப்பதே பாரம் ஏற்றும் லொறிக்கு உகந்தது என்று எழுதினேன். மிச்சிகனிலுள்ள, 1949 முதல் இயங்கும் எயார் லிப்ட் நிறுவனத்தின் 3எச் இவ்வகையானது. அதே நிறுவனத்தின் 3பி அழுத்தத்தை மட்டும் அளப்பது. பின்னர் உணரிகளைச் சேர்த்து 3எச் ஆக உயர்த்தலாம் என்பது கையில் காசு குறைந்தவருக்கு ஆறுதல். ஞாயிற்றுக்கிழமையில் தனியாக ஓட்டிச்சென்று கடற்கரையில் நிறுத்தி வைப்பதற்கு மட்டுமென்றால் அழுத்தமே போதும். உணரிகளின் மெல்லிய தண்டுகள் கல்பட்டு உடையும் தொல்லையும் இராது.

இன்னொன்றையும் எழுதினேன். உயரக் கட்டுப்பாட்டில் பெயர்பெற்ற அக்கியூஎயார் நிறுவனம் 2020இல் கதவை மூடியது. அதே ஆண்டில் ஆர்னாட் நிறுவனம் அதை வாங்கியதனால் அந்தப் பெயர் பிழைத்தது. இடைப்பட்ட காலத்தில் அக்கருவியை வைத்திருந்தவர்களின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அறுபது ஆண்டு பழைய லொறியின் பிரேக் உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐந்து ஆண்டு பழைய மின்னணுப் பெட்டிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே பைகளும் குழாய்களும் பொதுவான அளவில் இருக்கட்டும். பெட்டி செத்தாலும் கைவால்வு கொண்டு வீடு வந்துசேரக் கூடியதாக இருக்கட்டும் என்றேன். காற்றுத் தாங்கியின் அடியில் வடிகால் அவசியம். எல்டொராடோவை வீழ்த்திய ஈரம் இன்னமும் அதே ஈரந்தான். கொம்பிரசர் 20 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக் கூடியது. 1966ஆம் ஆண்டு வயர்களில் அதை மாட்டாமல் பற்றரியிலிருந்து தனி வயரும் பியூசும் போடுவது உயிருக்குப் பாதுகாப்பு.

பொலிஸைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகவே தேடினேன். தாழ்ந்த வாகனங்களுக்கு எதிரான அந்த 1958ஆம் ஆண்டு விதியையும், ஊர்வலமாக ஓடுவதைத் தடைசெய்ய ஊராட்சிகளுக்கு இருந்த அதிகாரத்தையும் நீக்கும் சட்டமூலத்தில் கலிபோர்னிய ஆளுநர் 2023 ஒக்டோபரில் கையொப்பமிட்டார். 2024 ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ரொன் அகிரே ஆழியைத் தட்டி ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர்.

மைத்துனர் இறுதியில் இரண்டையும் அளக்கும் கருவியையே வாங்கினார். சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்காக நாற்பது மடக்குக் கதிரைகளைப் பின்தட்டில் அடுக்கியிருக்கிறார். லொறி மட்டமாக நிற்கிறது. கதிரைகளைக் கட்டிய கயிறுதான் சற்றுத் தளர்வாக இருப்பதாக எனக்குப் பட்டது. பதிலில் அதை மட்டும் சுட்டிக்காட்டினேன்.