சாக்கடைக்குள்ளால போன வெளிச்சம்

வியன்னாவில் டனியூப் ஆற்றுக்கு அடியில் ஒரு கழிவுநீர்ச் சுரங்கம் இருக்கிறது. 2004இல் அதுக்குள்ளால ஒரு கண்ணாடி இழையை இழுத்து, ஒரு கரையில் இருந்த ஒளித்துணிக்கையின் நிலையை 600 மீற்றர் தள்ளி மற்றக் கரையில் உருவாக்கிக் காட்டியது அன்டன் சைலிங்கரின் குழு. நான் கலைப்பீடம். பௌதிகவியல் எனக்கு ஓ.எல். விஞ்ஞானத்தோட முடிஞ்சுது. ஆனா இந்தச் சாக்கடைக்குப் பின்னால ஒரு நல்ல வரலாறு கிடக்கு.

1935இல் ஐன்ஸ்டைனும் இரண்டு நண்பர்களும் குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்று காட்டத்தான் இதைக் கிளப்பினார்கள். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு துணிக்கைகளில் ஒன்றை அளந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மற்றதன் நிலையும் உடனே தெரிந்துவிடுகிறதே, இது எப்படி? அதே ஆண்டு ஷ்ரோடிங்கர் இதற்குப் பெயர் வைத்தார்: என்டாங்கிள்மென்ட். நாங்கள் பிணைவு என்போம். 1964இல் ஜோன் பெல், இந்த விவாதத்தைப் பரிசோதனையால் தீர்க்கலாம் என்று கணக்கில் நிறுவினார். 1972இல் பெர்க்லியில் ஜோன் கிளவுசரும் ஸ்ருவர்ட் ஃப்ரீட்மனும் அதைச் செய்தே பார்த்தார்கள். கிளவுசர் ஐன்ஸ்டைன் பக்கம் நின்ற ஆள். தன்ர பரிசோதனையாலயே தோத்துப்போனார். அதோட, அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவியும் கிடைக்கேல்ல. இப்படியான கேள்விகள் 'தத்துவம்', பிழைப்புக்கு உதவாதது என்பதுதான் அப்போதைய எண்ணம். கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இது பழகின வசனம்.

டனியூப் பரிசோதனையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பிணைவால் மட்டும் செய்தி அனுப்ப ஏலாது. இந்தக் கரையில் அளந்த முடிவைச் சாதாரண வழியில் சொல்லியனுப்ப வேண்டும். அப்போதுதான் மற்றக் கரையில் துணிக்கையைத் திருத்தலாம். அந்தத் தகவல் ஆற்றுக்கு மேலால நுண்ணலையாகப் போனது. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகத்தான் போகும். காற்றில் போன தகவல் முந்திக்கொண்டது. அந்த நுணுக்கமான இடைவெளிக்குள் திருத்தம் நடந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், பிணைந்த ஒளித்துணிக்கைகளால் உருவாக்கிய இரகசியச் சாவியை வைத்து வியன்னா நகரசபைக் கட்டடத்துக்கும் ஒரு வங்கிக்கும் இடையில் பணமாற்று நடந்தது. அந்த இழையும் சாக்கடை வழிதான்! ஆனால் இரண்டு பேர் பேசினால் அது வலையமைப்பு ஆகாது. 2018இல்தான் அதே நகரத்து ஆய்வாளர்கள் ஒரேயொரு ஒளிமூலத்தில் இருந்து பிணைந்த துணிக்கைகளை அலைநீளவாரியாகப் பிரித்து நாலு பேருக்குக் கொடுத்தார்கள். ஆறு சோடிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச்சாவி, இடையில் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

2022இல் கிளவுசர், அலன் அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. கிளவுசருக்கு அப்போது 79 வயது. ஃப்ரீட்மன் 2012இலேயே இறந்துவிட்டார். பெல் 1990இல்.